பதினொரு நாள் எரிந்த விளக்கு

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு சாமானை அதன் ஆயுசு முடிகிற வரைக்கும் வைத்துக்கொள்ளத் தெரியாது. கடைக்காரன் பெட்டி மேல் ஒரு வருஷக் கணக்கை அச்சடித்து வைத்திருப்பான். அந்த வருஷம் வந்துவிட்டால் போதும், சாமான் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் தூக்கிக் கடாசிவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கேட்டால், எதுக்கு ரிஸ்க்கு என்பார்கள். ரிஸ்க்காம். விற்கிறவன் பேச்சை நம்புவதைவிடப் பெரிய ரிஸ்க்கு உலகத்தில் உண்டா என்பது பெரியவரின் கட்சி. அவர் பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் பேட்டரி ரூமில் நின்றவர். கையெழுத்துப் போடச் சொன்னால் நாலு தரம் பேனாவை உதறுவார். ஆனால் ஒரு பேட்டரியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, இது மழைக்காலம் தாண்டும், இது தாண்டாது என்று அவர் சொன்னால் டிப்போவில் மறுபேச்சு இருந்ததில்லை.

அப்படிப்பட்டவர் புதன்கிழமை காலையில் படகுக் கொட்டகையின் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்ததில் தப்பில்லை. எரியட்டும் என்றுதான் முந்தின நாள் சாயங்காலம் அவரே மாட்டிவிட்டுப் போனார். ஆனால் ராத்திரி முழுக்க எரிந்த விளக்கு விடியும்போது கொஞ்சமாவது மஞ்சள் அடித்திருக்க வேண்டும். நாலு வருஷப் பழைய பேட்டரியில் மாட்டிய விளக்கு களைத்துப்போனவன் முகம் மாதிரி ஆகியிருக்க வேண்டும். இது வெளுத்திருந்தது. மாட்டியபோது இருந்ததைவிட வெள்ளையாக, தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய கையைப் போல வெளுத்திருந்தது.

"சபாஷ்" என்றார் பெரியவர், கொஞ்சம் பொறுத்து. சத்தமாகத்தான் சொன்னார். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சொல் நன்றாக ஒலிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவரும் மருமகனும் ஏரியின் கடைக்கோடிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. மோட்டார் படகில் ஏழு மணி நேரம். அங்கே பெரிய மீன் கிடக்கும். வேறு எதுவும் கிடையாது. ஆள் கிடையாது, கரையில் பாதை கிடையாது, போனில் ஒரு கோடுகூட வராது. படகின் எஞ்சின் கயிறு இழுத்துக் கிளப்புகிற சின்ன எஞ்சின் இல்லை. சாவியைத் திருகினால் பேட்டரிதான் அதை எழுப்ப வேண்டும். அங்கே போய் பேட்டரி படுத்துக்கொண்டால் ஆளும் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால்தான் இந்தப் பரீட்சை. டிப்போ வழக்கம் இது. சந்தேகப்படுகிற பேட்டரியைத் தரையில் வைத்து, இரண்டு கிளிப்பு போட்டு ஒரு லாரி பல்பை மாட்டி எரியவிட்டுவிடுவார்கள். ஒரு ராத்திரி ஒரு பகல் மங்காமல் எரிந்தால் வண்டியில் ஏறும். அதற்கு முன்னால் மங்கினால் பழைய இரும்புக்குப் போகும்.

மருமகன் பல் தேய்த்துக்கொண்டே கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக். சாது. மாமனாருக்கு எதிரே குரல் உயராது.

"என்ன மாமா, இன்னும் உயிரோட இருக்கா?"

"இருக்கான்னு நீங்களே பாருங்க. நாலு வருஷம் ஆச்சு, தூக்கிப் போடுங்கன்னு சொன்னானே உங்க கடைக்காரன், அவனைக் கூட்டிட்டு வாங்க மாப்ளே. இந்த வெளிச்சத்துல அவன் மூஞ்சியை ஒரு தரம் பாக்கணும்."

"என் மீட்டரை வெச்சுப் பாத்துடலாமே. அரை நிமிஷ வேலை."

"மீட்டர் நம்பர் காட்டும். நம்பரை வெச்சு எஞ்சினைச் சுத்துவீங்களா? எரியற விளக்கைவிட ஒரு மீட்டர் வேணுமா?"

மருமகன் சிரித்தான். அப்புறம் மூக்கைச் சுருக்கினான். "என்ன மாமா இது, சேத்து வாடை?"

"ஏரிக்குப் போற படகு. பின்ன சென்ட்டு வாடையா வரும்?"

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் படகு தண்ணீரைத் தொட்டு மூன்று மாதம் ஆகிறது. சக்கர வண்டியின் மேல் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றை ஒட்டிய பாசிகூடப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. பெரியவர் குனிந்து பேட்டரியின் மேல் முகத்தைக் கொண்டுபோனார். ஆசிட் நெடி இல்லை. முப்பத்தோரு வருஷம் அவர் சட்டையை ஓட்டை போட்ட அந்த நெடி இல்லை. ஆழத்துச் சேறு கிளறிவிட்ட மாதிரி, குளிர்ந்த, அழுகிய இலை வாடைதான் வந்தது.

அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வயசானால் மூக்கும் ஏமாற்றும்.

அந்தப் பேட்டரி அவருடையது அல்ல. சுக்கானுடையது. சுக்கான் என்றால் அவருடைய கூட்டாளி. எந்தப் படகில் ஏறினாலும் பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொள்வான், வேறு யாரையும் தொட விடமாட்டான், அதனால் அந்தப் பேர். போன வருஷம் இதே மாதிரி கடைக்கோடிக்குக் கிளம்புமுன் அவன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இவரிடம் வந்தான். "நீ பாத்துச் சொல்லுடா. மாத்தணுமா?" இவர் அன்றைக்கு விளக்கு மாட்டவில்லை. அவசரம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், அவ்வளவுதான். "இன்னும் ஒரு வருஷம் ஓடும், போடா. கடைக்காரனுக்கு ஏன் அழறே" என்று முதுகில் தட்டி அனுப்பினார். முதுகு வலி என்று இவர் கூடப் போகவில்லை.

பதினொரு நாள் கழித்து அவன் படகை யாரோ இழுத்து வந்தார்கள். ஆள் இல்லை. சாவி திருகியபடியே இருந்தது. முன்னால் கட்டியிருந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், பதினோராம் நாளில், எரிந்துகொண்டிருந்தது.

ஊரே அதைப் பேசியது. பெரியவருக்கு மட்டும் அந்த விளக்கு ஒரு சாட்சி. பேட்டரி படுத்து எஞ்சின் கிளம்பாமல்தான் போனான் என்று எவன் சொன்னாலும், "அப்புறம் விளக்கு எப்படிய்யா எரிஞ்சது?" என்று கேட்டு வாயை அடைப்பார். பேட்டரி நல்ல பேட்டரி. அவன் வழுக்கி விழுந்திருப்பான். மாரடைப்பாக இருக்கும். எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், இவர் சொன்ன சொல் தப்பில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சுக்கானின் சம்சாரம் ஒருநாள் வந்தாள். பேட்டரியை இடுப்பில் சுமந்துகொண்டு தனியாக நடந்தே வந்தாள். வாசற்படியில் வைத்தாள். "அண்ணே, நீங்க பாத்து நல்லா இருக்குன்னு சொன்னது. நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டாள். அதைத்தான் இந்த வருஷம் தன் படகில் மாட்டிக் கடைக்கோடிக்குப் போய்த் திரும்பி வந்து காட்டுவதாகப் பெரியவர் இருந்தார். அதற்கு அப்புறம் யார் பேசுவார்கள், பார்க்கலாம்.

வியாழக்கிழமை காலையிலும் விளக்கு எரிந்தது. மத்தியானமும். மருமகன் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். புது பேட்டரியா இருந்தாக்கூட அந்த பல்பை ரெண்டு நாளைக்கு மேல எரிக்காது. சாயங்காலத்தோட ரெண்டு நாள் முடியுது."

"முடியட்டுமே. பழைய காலத்துச் சரக்கு."

"நாலு வருஷத்துச் சரக்குதான் மாமா."

மகள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்ட சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது. "அப்பா, நீங்க என்ன வேணா பண்ணுங்க. அந்த பேட்டரி இருக்கற படகுல இவர் ஏற மாட்டார்."

"ஏன், உன் புருஷனுக்கு வாயில நாக்கு இல்லையா?"

"இருக்கு. உங்க முன்னாடி அது வேலை செய்யாது."

மருமகன் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. "அந்த அத்தை அதைச் சுமந்துட்டு வந்து ஏன் உங்ககிட்ட குடுத்தாங்கன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?"

"நல்ல சாமான் நல்ல கையில இருக்கட்டும்னு குடுத்தா."

மகள் அவரையே பார்த்தாள். தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். அப்படிப் பார்த்ததற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் வெயில் இறங்கிக் கூரைத் தகரம் ஆறுகிற நேரத்தில், ஒவ்வொரு தகடும் ஒன்றொன்றாக விரலைச் சொடுக்கிக்கொள்கிற மாதிரி சத்தம் போடுகிற நேரத்தில், பெரியவர் கொட்டகைக்குள் தூண்டில் கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உத்தரத்துக் கொக்கியில் தொங்கிய விளக்கு படகின் நிழலை எதிர்ச்சுவர் பூராவும் பெரிதாக விரித்துப் போட்டிருந்தது. ஈரக் கயிற்று வாடை, டீசல் வாடை எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சேற்று வாடை வந்து உட்கார்ந்திருந்தது. நிழல் படகின் பின்பக்கத்தில் ஒரு குவியல் தெரிந்தது. தார்ப்பாய். கூன் போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போலவே, ஒரு கை நீட்டியது போலவே மடிந்து கிடந்தது. கண்ணை உறுத்தவே எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டார். வந்து உட்கார்ந்து கயிற்றை எடுத்தார்.

சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டக்.

தகரம் இல்லை. தகரத்தின் சத்தம் கூரையிலிருந்து வரும். இது படகிலிருந்து வந்தது. பெரியவரின் கை நின்றது. அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அவரால் சொல்ல முடியும். சாவியைத் திருகினால், எஞ்சினை எழுப்ப வலு இல்லாத பேட்டரி ஒரே ஒரு தரம் அடிக்கிற சத்தம். செத்த பேட்டரியின் சத்தம். டிப்போவில் குளிர்காலத்து விடியற்காலைகளில் வரிசையாக நிற்கிற பஸ்களிலிருந்து வரும் சத்தம்.

படகில் பேட்டரியே இல்லை. படகின் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தார். இருந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் உதடு தன்பாட்டுக்கு எண்ண ஆரம்பித்திருந்தது. பதினேழு, பதினெட்டு. எஞ்சின் எடுக்கவில்லை என்றால் உடனே மறுபடி திருகக் கூடாது, நூறு எண்ணு, பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும், அப்புறம் திருகு. டிப்போவில் எல்லா டிரைவருக்கும் சொல்லிக் கொடுத்தது. சுக்கானுக்கும் சொல்லிக் கொடுத்தது. அறுபது, அறுபத்தொன்று. வெளியே மகள் துணி எடுக்கிற சத்தம் கேட்டது. தொண்ணூறு. கயிறு அவர் விரலை இறுக்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

டக்.

பெரியவர் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். "மூஞ்சி ஏம்ப்பா இப்படி இருக்கு?" என்றாள் மகள். "எலி தொல்லை" என்றார். ராத்திரி படுத்து நூறு நூறாக எண்ணிக்கொண்டே கிடந்தார். வீடு வரைக்கும் சத்தம் கேட்கவில்லை. எண்ணுவது நிற்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை. மறுநாள் விடிகாலை கிளம்ப வேண்டும். மருமகன் மத்தியானம் போய்ப் புது பேட்டரி ஒன்று வாங்கி வந்து, பெட்டி பிரிக்காமல் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றான்.

"யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

"சும்மா இருக்கட்டும் மாமா. ஸ்பேர்."

"அது கூட வந்தா நான் வரல."

"சரி மாமா. நீங்களே பாத்துச் சொல்லுங்க, எதை மாட்டணுமோ மாட்டிடலாம். நீங்க சொன்னா சரிதான்."

நீங்க சொன்னா சரிதான். சுக்கானும் இதே மாதிரிதான் தலையாட்டினான். பெரியவர் கொஞ்ச நேரம் மருமகனின் முகத்தைப் பார்த்தார். சின்ன முகம். நம்புகிற முகம். காதுக்குப் பக்கத்தில் சவரம் சரியாக விழாமல் நாலு மயிர் நின்றது.

"அந்த மீட்டரைக் குடுங்க" என்றார்.

"மாமா, நானும் வரேன்."

"மீட்டர் பாக்க ரெண்டு பேர் எதுக்கு? இங்கயே இருங்க."

சாயங்கால வெளிச்சம் முற்றத்தில் சாம்பலாகக் கிடந்தது. கொட்டகைக் கதவின் பலகைச் சந்துகளில் மட்டும் வெள்ளைக் கோடுகள். உள்ளே போனார். வாடை முகத்தில் ஈரத்துணி மாதிரி அறைந்தது. விளக்கு எரிந்தது. மூன்று நாள். மூன்று நாளில் ஒரு நூல்கூட மங்கவில்லை. ஆனால் மூச்சு விடுகிற மாதிரி, கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, லேசாக ஏறி லேசாக இறங்கியது.

முட்டி போட்டு உட்கார்ந்தார். மீட்டரின் ஊசிகளை பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார்.

சைபர்.

அழுத்தி வைத்தார். முனைகளைச் சட்டை நுனியால் துடைத்து வைத்தார். சைபர். மீட்டர் கோளாறு. கடையில் விற்கிற எல்லாமே கோளாறு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் வழக்கப்படி மூடிகளைத் திருகினார். முதல் மூடி. உள்ளே ஆசிட் இல்லை. இரண்டாவது. இல்லை. ஆறு மூடியும் திறந்தார். ஆறிலும் தகடுகள் வெள்ளைப் பொடி பூத்துக் காய்ந்து கிடந்தன. நேற்றுக் காய்ந்தது அல்ல. டிப்போக்காரர் கண்ணுக்குத் தெரியும். போன வருஷமே காய்ந்தது. அவன் தூக்கிக்கொண்டு வந்தபோதே, இவர் குனிந்து மோந்து பார்த்த அன்றைக்கே பாதி காய்ந்திருக்க வேண்டும்.

இது எஞ்சினைக் கிளப்பாது. ஒரு ராத்திரி விளக்கைக்கூட எரிக்காது.

பெரியவர் கறுப்புக் கிளிப்பைக் கழற்றினார்.

விளக்கு எரிந்தது.

சிவப்புக் கிளிப்பைக் கழற்றினார். கையை எடுத்தார்.

விளக்கு எரிந்தது.

கிளிப்புகள் கீழே விழவில்லை.

மெதுவாக மேலே போயின. இரண்டும். ஒயரை இழுத்துக்கொண்டு. ஒரு ஆள் நின்றால் அவன் நெஞ்சு இருக்கிற உயரத்தில் நின்றன. அவற்றின் பற்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. பற்கள் மட்டும் எதையோ கடித்த மாதிரி விரிந்திருந்தன. அங்கிருந்து சொட்டியது. தரையில். தண்ணீர்.

இப்போது சுவரைப் பார்த்தார்.

சுவரில் அவர் நிழல் முட்டி போட்டிருந்தது. அதற்கு எதிரே இன்னொரு நிழல் நின்றது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி. ஒவ்வொரு கைக்கும் ஒரு கிளிப்பு. கட்டை விரலைக் கடித்தபடி ஒன்று. மற்றக் கையின் கட்டை விரலைக் கடித்தபடி ஒன்று. விளக்கு ஏறி இறங்குகிற ஒவ்வொரு தரமும் அதன் தோள் ஏறி இறங்கியது.

பதினொரு நாள். யாராவது வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள் என்று சுக்கான் இப்படித்தான் எரித்திருக்கிறான்.

"டேய்" என்றார் பெரியவர். "நான் பாத்துத்தான்டா சொன்னேன்."

நிழல் அசையவில்லை.

"பாத்துத்தான் சொன்னேன்."

சொட்டுகிற சத்தம் நின்றது. அது நின்றதுதான் பொறுக்கவில்லை. பெரியவர் படகைப் பிடித்து எழுந்தார். மீட்டரை எடுக்கவில்லை. மூடிகளைத் திருப்பி மாட்டவில்லை. கதவைத் தாண்டினார். முற்றத்தில் இறங்கினார். ஓடக் கூடாது. ஓடினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

தாழ்வாரத்தில் மருமகன் புது பேட்டரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். உள்ளே அவன் பெண்டாட்டி எதையோ பாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா? எதை மாட்டட்டும்?"

"எதுவும் வேண்டாம். நாளைக்குப் போகல."

"ஏன் மாமா?"

"காத்து சரியில்ல."

இலை ஆடவில்லை. மருமகன் வானத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அப்போ அந்த பேட்டரி?"

"அதுக்கென்ன கேடு? அது நல்ல பேட்டரிதான்" என்றார் பெரியவர், நடந்துகொண்டே.

சொன்னதை அவர் நம்பினார். நம்பாமல் எப்படி மீதி நாளைக் கழிப்பது. தலையைக் குனிந்து தரையைப் பார்த்து நடந்தார். பின்னால் இருந்து வருகிற வெள்ளை வெளிச்சத்தில் அவர் நிழல் முன்னால் விழுந்திருந்தது. விளக்கை விட்டு விலகிப் போகப் போக நிழல் நீள வேண்டும். பத்து அடி நடந்தார். பதினைந்து அடி. நீளவில்லை. கொட்டகை வாசலில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது.

பக்கத்தில் இன்னொன்று வந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

தாழ்வாரத்து வெள்ளைச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமானது. மருமகனின் முகமும். அவன் பெரியவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது.

"நல்ல பேட்டரி" என்றார் பெரியவர், திரும்பாமல். படியில் காலை வைத்தார்.